அரணைக் கடிதம்

தனியாக இருக்கிறவர்கள் நீளமான கடிதம் எழுதக்கூடாது. எழுதினாலும் அதை ஒட்டாமல் இன்னொருவர் கையில் கொடுக்கக்கூடாது. நான் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தேன். அதன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வாழ்நாள் முழுக்கக் கடலில் புயலோடு மல்லுக்கட்டிய ஒரு பெரிய மனிதரைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு, கோப்பாயிலிருந்து அச்சுவேலி வரை மிதித்தேன். அவர் சாகப்போகிறார் என்று அவரும் நம்பினார், ஊரும் நம்பியது. என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் சந்தியில் நின்று பார்த்தார்கள். அவர் சாகவில்லை. நான்தான் பாதி செத்தேன்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. எனக்கு இருபத்தேழு வயது. விலங்கியல் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கண் ஒப்பரேசனுக்காக அம்மாவும் அவரும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். ஒரு மாதத்தில் வருவோம் என்றுதான் போனார்கள். போரில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியது. திறந்தபோது அப்பாவின் மற்றக் கண்ணுக்கு நாள் குறித்திருந்தது. அந்தக் கண் சுகமானபோது பாதை மறுபடி பூட்டியிருந்தது. இப்படியே ஒரு வருடம். தம்பி அதற்கு முதலே ஜெர்மனிக்குப் போய்விட்டான்.

பொழுதுபட்டதும் பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா எனக்குத் துணைக்குப் படுக்க வருவா. வந்த கையோடு நித்திரை. விடிய ஆடு கத்தினால் எழும்பிப் போய்விடுவா. நாங்கள் இருவரும் ஒரு நாளில் பேசிய சொற்கள் பத்துக்கு மேல் வராது. அதில் பாதி ஆட்டைப் பற்றியது. பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறக்கும்போது "நான் வந்திட்டன்" என்று சத்தமாகச் சொல்லுகிற பழக்கம் எனக்கு அந்த வருடம்தான் வந்தது. (ஒருநாளும் பதில் வரவில்லை. வந்திருந்தால் நான் அந்த வீட்டில் இருந்திருக்கமாட்டேன்.)

அப்போது குண்டுவீச்சுக்குப் பதுங்க எல்லோர் வளவிலும் பங்கர் இருந்தது. எங்கள் வளவில் இல்லை. யாரையாவது கேட்டிருந்தால் வெட்டித் தந்திருப்பார்கள். ஆனால் நான் பட்டதாரி அல்லவா, கேட்கமாட்டேன். ஒரு சனிக்கிழமை அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு நானே தொடங்கினேன். முழங்கால் ஆழத்தில் சுண்ணாம்புக்கல் தட்டியது. அதற்குக் கீழே அலவாங்கு போகவில்லை. ஆகவே எங்கள் பங்கர் முழங்கால் ஆழம். மேலே குண்டு போட வருகிறவன் கொஞ்சம் பொறுமையாக இருந்து, நான் போய் நீட்டி நிமிர்ந்து படுக்கும்வரை காத்திருந்தால் அது பயன்படும்.

கிடங்கின் ஓரத்தில் உக்கிப்போன தென்னோலைக் குவியல் ஒன்று இருந்தது. அதை வழித்து எறியும்போது, ஈரச் செம்மண்ணுக்குள் ஏதோ மினுங்கியது. முதலில் மண்புழு என்று நினைத்தேன். பிறகு பாம்புக்குட்டி என்று நினைத்து மண்வெட்டியைத் தூக்கினேன். தூக்கிய கையோடு குனிந்து பார்த்தால், அதற்குக் கால்கள் இருந்தன. கால் என்று சொல்லுவதற்கே கூச்சமாக இருந்தது. உடைந்த சீப்பின் பல்லுப்போல முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. பென்சில் தடிப்பு. என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். எண்ணெய் பூசித் துடைத்தது போன்ற கபிலநிற உடம்பு. கண் கடுகளவு. மண்ணுக்குள் வாழுகிற சின்ன அரணை.

எங்கள் ஊரில் அரணை என்றால் ஆண்பிள்ளைகளும் கதிரையில் ஏறுவார்கள். அது கடித்தால் ஆள் தப்பாது என்பது அசைக்கமுடியாத நம்பிக்கை. கடித்துச் செத்த ஒருவரையும் ஒருவரும் கண்டதில்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தார்கள்: கடிக்க வரும்போது அரணைக்கு மறதி வந்துவிடுமாம். படித்த எனக்கு இதெல்லாம் சிரிப்பு. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தம்பி மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. அதற்குள் செம்மண்ணை நிரப்பி, மேலே உக்கின ஓலையைப் போட்டு, கம்பிவலையால் மூடி, என் அறை மேசையில் வைத்தேன். ஒரு கொப்பியில் குறிப்பு எழுதத் தொடங்கினேன். வெளிச்சம் பட்டால் உள்ளே போகும். தொட்டியின் ஒரு பக்கத்தை நனைத்து மற்றப் பக்கத்தைக் காயவிட்டால், நனைந்த பக்கத்துக்கு வரும். மண்ணுக்குள் போகும்போது அந்தக் குட்டிக் கால்களை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நீந்தும். நிலத்தின் மேலே வந்தால்தான் கால்களுக்கு ஞாபகம் வந்து நாலு அடி வைக்கும். கறையான் என்றால் உயிர். வேலியில் கறையான் பிடித்த கிடுகைப் பிய்த்துத் தட்டினால் மூக்கு மெல்ல மண்ணுக்கு மேலே வரும். அந்த மூக்கைப் பார்ப்பதற்காகவே நான் பள்ளிக்கூடத்தால் நேரே வீட்டுக்கு வரத் தொடங்கினேன்.

அதைத் தனியே 'அது' என்று எழுத ஒருமாதிரியாக இருந்தது. வீட்டில் வளர்க்கிற நாய் பூனையைப் பகிடியாக 'இவர்' என்பது எங்கள் வழக்கம். அப்படியே அரணையும் இவராகியது. (யாழ்ப்பாணத்துப் பெண் 'இவர்' என்றால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. புருஷனைப் பெயர் சொல்லாமல் அப்படித்தான் சொல்வோம். அந்த அர்த்தம் எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. அரணைக்கு மட்டும்தான் மறதி என்று யார் சொன்னது?)

இனிச் சந்திரனைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் சொந்த ஊர் வல்வெட்டித்துறை. அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளைதான் சந்திரன். கனடாவில் இருந்தார். சாதகம் பார்த்து முற்றாக்கிய பிறகு அண்மையில்தான் ஒரு படம் அனுப்பியிருந்தார். படத்தில் முக்கால்வாசி பனிக்கால உடுப்பு, மிச்சம் மீசை. அதற்கிடையில் ஆள் எங்கே என்று நான் பல நாள் தேடினேன்.

நாங்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. கடிதம் மட்டும்தான். கடிதம் போய்ச்சேர இரண்டு மாதம், மூன்று மாதம். "நான் நலம். இங்கு குளிர். உங்கள் சுகத்தை எழுதவும்" என்று அவர் எழுதுவார். "நான் நலம். இங்கு வெயில்" என்று நான் எழுதுவேன். இரண்டு வானிலை நிலையங்கள் நிச்சயதார்த்தம் செய்துகொண்டது போல இருந்தது. ஊர் நிலவரத்தை எழுதப் பயம். மனதில் இருப்பதை எழுத வெட்கம். ஆறாவது கடிதத்துக்குக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் அரணையைப் பற்றி எழுதத் தொடங்கினேன். நாலு பக்கம் போனபிறகுதான் நிறுத்தினேன்.

விஞ்ஞான முறை தவறாமல்தான் எழுதினேன். உருவம், உணவு, இருப்பிடம், ஒரு படம், எல்லாம் முதல் பக்கத்தில். "இனிமேல் இந்த அரணையை மரியாதைக்காக 'இவர்' என்றே குறிப்பிடுகிறேன்" என்று அதன் கடைசி வரியில் தெளிவாக எழுதினேன். நடத்தையைப் பற்றிய விபரங்கள் மற்ற மூன்று பக்கங்களில். அப்போது காகிதத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. அதனால் முதல் பக்கத்தை ஒன்பதாம் வகுப்பு வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். மற்றவற்றைக் கொப்பித் தாளில் எழுதினேன்.

சந்திரனுக்குப் போகிற கடிதங்களை வல்வெட்டித்துறையில் இருந்த அவரின் தாயாரிடம்தான் அனுப்புவேன். அவர், அதாவது என் வருங்கால மாமி, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். ஒட்டின கடிதத்தை ஒருவரும் கொண்டுபோகமாட்டார்கள். வழியில் பிரித்துப் பார்ப்பார்கள் என்ற பயம். ஆகவே ஒட்டாமல் அனுப்பினேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை, படலையடியில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. அதை மிதித்து வந்தவர் மாமியின் தமையன். பழைய காலத்தில் பாய்க்கப்பல் ஓட்டியவர். கப்பல் தலைவனைத் தண்டையல் என்பார்கள், அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஆறடி உயரம், வெள்ளை மீசை, வெள்ளை வேட்டி. பின்னால் கரியரில் மாமி. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு வருடத்தில் என்னைப் பார்க்க என்று வீடு தேடி வந்த முதல் ஆட்கள். ஓடிப்போய்க் கதிரையைத் தூசி தட்டினேன். தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். மாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"பிள்ளை, நான் சண்டைக்கு வரேல்லை. கடிதம் வாசிச்சனான். ஒளிக்காமல் சொல்லு. இவர் எங்கை?"

என் கடிதத்தை ஒருவர் வாசித்து, அரணையைப் பார்க்க வல்வெட்டித்துறையிலிருந்து வந்திருக்கிறார். நான் உருகிப்போனேன்.

"அறையிலை இருக்கிறார், மாமி. இப்ப படுத்திருப்பார்."

தண்டையல் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தார். மாமி குரலைத் தணித்தார்.

"எவ்வளவு நாளாய்?"

"ரெண்டு மாதம் ஆகப்போகுது."

"எங்காலை வந்தவர்?"

"பங்கர் வெட்டேக்கை மண்ணுக்கை கிடந்தவர். நான்தான் தூக்கிக்கொண்டு வந்தனான்."

மாமி கண்ணை மூடித் திறந்தார். காலிலே காயமோ என்று கேட்டார். இல்லை, பிறப்பிலேயே கால் அப்படித்தான் என்றேன். அயலில் யாருக்காவது தெரியுமோ என்று தண்டையல் கேட்டார். தெரிந்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள், அதுதான் தங்கமணி அக்காவுக்கும் சொல்லவில்லை என்றேன். அவர் எழும்பிப்போய் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து இருந்தார்.

மாமி என் கையைத் தடவினார். பிறகு சொன்னார்:

"உனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கெண்டால் சொல்லு, பிள்ளை. நான் மகனுக்கு எழுதுறன். காலில்லாத ஒரு மனுசனை றோட்டிலை விடு எண்டு சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நீயே தனிய இருந்து கஷ்டப்படுறாய். அவருக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்யிறாய்?"

மனுசன் என்ற சொல் என் காதில் விழுந்தது. ஆனால் மாமியின் அன்பில் நான் கரைந்துபோயிருந்ததால் அது உள்ளே போகவில்லை.

"அதிலை ஒரு கஷ்டமும் இல்லை, மாமி. வேலியிலை கறையான் கிடக்குதுதானே."

அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. தங்கமணி அக்காவின் ஆடுகூட அசைபோடுவதை நிறுத்தியிருக்கவேண்டும்.

எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. முதல் பக்கம் எங்கே என்று கேட்டேன். முதல் பக்கமோ, ஒரு பள்ளிக்கூடக் கேள்வித்தாள்தான் இருந்தது, மாறி வந்துவிட்டது என்று நினைத்து மிளகாய்த்தூள் போத்தலின் வாயைக் கட்டினேன் என்றார் மாமி. மற்ற மூன்று பக்கமும் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்லத்தான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"இவர் என் அறைக்கு வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். முதலில் என்னைக் கண்டால் ஒளிப்பார். இப்போது கூச்சம் குறைந்துவிட்டது. பகல் முழுக்கப் படுக்கை. பொழுதுபட்டால்தான் வெளியே வருவார். காலையும் மாலையும் நான்தான் தண்ணீர் தெளித்துவிடுகிறேன். உடம்பு எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். கால்கள் இருந்தும் இல்லாத மாதிரித்தான். புதன்கிழமை இவர் சட்டை கழற்றினார். பார்க்க எவ்வளவு அழகு."

(அரணை தோல் உரிப்பதைச் சட்டை கழற்றுவது என்றுதான் தமிழில் சொல்கிறோம். அதற்கு நான் என்ன செய்ய?)

வாயால் விளக்கி முடிக்க எனக்குப் பொறுமை இல்லை. மானம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினேன். மேலே மண்ணும் ஓலையும் மட்டும். ஆள் உள்ளே. தண்டையல் நம்பவில்லை. யாரோ ஒருவன் கட்டிலுக்குக் கீழே இருக்கிறான் என்ற சந்தேகத்தில் ஒருதரம் குனிந்தும் பார்த்தார். நான் கம்பிவலையை எடுத்துவிட்டு மண்ணைக் கிளறினேன். மினுங்கிக்கொண்டு அது மேலே வந்தது.

"அரணை," என்றார் தண்டையல். மிகவும் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு பின்னுக்குப் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் அவரின் முழங்கை மேசையில் பட்டு, தொட்டி சரிந்து, மண் முழுக்க அவரின் காலில் கொட்டியது. கம்பிவலையும் மேலே விழுந்து அவர் கணுக்காலைக் கீறியது. அவர் அதைக் கீறலாக எடுக்கவில்லை.

"தங்கச்சி, கடிச்சுப்போட்டுது."

அதன் பிறகு நான் சொன்ன விஞ்ஞானம் ஒன்றும் எடுபடவில்லை. மாமி ஒரு துவாயைக் கிழித்து அவர் முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினார். நடந்தால் விஷம் ஏறும், சைக்கிள் மிதித்தாலும் ஏறும், ஆகவே ஆளைக் கொண்டுபோகவேண்டும் என்றார். அச்சுவேலியில் விஷக்கடிக்கு ஒரு பரியாரியார் இருந்தார். கொண்டுபோக அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

என்னுடைய சைக்கிள் பெண்கள் ஓடுகிற சைக்கிள். அதன் கரியரில் தண்டையல் கடிபட்ட காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு இருந்தார். நான் வீட்டுச் சட்டையோடு மிதித்தேன். அவரின் பாரத்தில் முன்சில்லு நிலத்தில் பட்டும் படாமலும் போனது. தங்கமணி அக்கா வேலிக்கு மேலால் பார்த்து, ஆர், என்ன என்று கேட்டா. தண்டையலே பதில் சொன்னார்: அரணை. அவ்வளவுதான், எங்களைவிட வேகமாகச் செய்தி போனது. நாங்கள் சந்திக்கு வரும்போது ஆட்கள் ஏற்கெனவே நின்றார்கள். என்னுடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் மரியாதையாக வரிசையில் நின்று "குட் மோர்னிங், ரீச்சர்" என்றார்கள். போன கிழமைதான் அவர்களுக்கு அரணைக்கு விஷம் இல்லை என்று படிப்பித்திருந்தேன்.

வழி முழுக்கத் தண்டையல் என் முதுகுக்குப் பின்னால் இருந்து மரணசாசனம் சொல்லிக்கொண்டு வந்தார். வள்ளத்தை யார் பார்ப்பது, தன் செத்தவீட்டில் யார் யார் அழவேண்டும், யார் வரக்கூடாது. நீர்வேலி தாண்டும்போது குரலை மாற்றி, நீ நல்ல பிள்ளை, இந்த வெயிலில் மிதிக்கிறாய், நான் செத்தாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்தது. கவலையாலா, மூச்சு வாங்கியதாலா என்று தெரியவில்லை.

பரியாரியார் மெலிந்த, அமைதியான கிழவர். நாகம், விரியன் என்று எத்தனையோ பார்த்தவர். தண்டையலை வாங்குப் பலகையில் இருத்தி, காலை நீட்டச் சொல்லி, வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தினார். மடிப்புக்குள்ளிருந்து அரணை பரியாரியாரின் மடியில் விழுந்தது.

இருட்டும் இடுக்கும் தேடிப் போவது அதன் சுபாவம். வேட்டி மடிப்பைவிட நல்ல இடம் அதற்கு அந்த அறையில் கிடைத்திருக்காது. என் கொப்பியில் அதுவரை இல்லாத குறிப்பு. ஆனால் எழுதிக்கொள்ள நேரமில்லை, பரியாரியார் வாங்கில் ஏறி நின்றார். தண்டையல் ஏற்கெனவே அங்கே நின்றார். விஷக்கடிபட்ட காலால்தான் ஏறினார். வால் தனியாகக் கழன்று நிலத்தில் துடித்துக்கொண்டிருந்தது. நான் கைலேஞ்சியை விரித்து அரணையைப் பொத்தி எடுத்தேன். பிறகு என் சின்னவிரலை அதன் வாய்க்கு நேரே வைத்துக் காட்டினேன். ஒரு நெல்லின் நுனி அளவு வாய். அதைத் திறக்கவே அது சம்மதிக்கவில்லை.

பரியாரியார் மெல்ல இறங்கி, காயத்தைப் பார்த்து, கம்பி கீறினது என்றார். ஆனாலும் தன் பெயரை நினைத்தோ என்னவோ, கசப்பான குடிநீர் ஒன்றைக் காய்ச்சித் தண்டையலுக்குப் பருக்கினார். மூன்று நாளைக்கு உப்பு, புளி தொடக்கூடாது என்றும் சொன்னார். திரும்பி வரும்போது தண்டையல் என்னைப் பின்னால் இருத்திவிட்டுத் தானே மிதித்தார். சந்தியில் ஆட்கள் இன்னும் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாமி அறையைக் கூட்டி, மண்ணை ஒரு சுளகில் அள்ளி வைத்திருந்தார். அதன் நடுவில் இரண்டு வெள்ளை முட்டை. புளியங்கொட்டை அளவு.

"பிள்ளை, உவர் இவர் இல்லை," என்றார் மாமி. "உவ."

இரண்டு மாதம் உற்றுப் பார்த்து ஒரு கொப்பி நிறையக் குறிப்பு எழுதிய விலங்கியல் பட்டதாரிக்குத் தெரியாத ஆண் பெண் வித்தியாசம், கூட்டுமாறோடு நின்றவருக்குத் தெரிந்தது. நான் நிலத்தில் இருந்துவிட்டேன். மாமி சிரிக்கத் தொடங்கினார். தண்டையலும் குடிநீர்க் கசப்போடு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம்.

அப்போதுதான் மாமி சொன்னார், அந்த மூன்று பக்கத்தையும் சந்திரனுக்கு அனுப்பியாகிவிட்டது என்று. மகனும் வாசிக்கட்டும் என்றுதான் அனுப்பினாராம்.

அவர்கள் போனபிறகு உடனேயே இன்னொரு கடிதம் எழுதினேன். "முன்னைய கடிதத்தில் 'இவர்' என்று குறிப்பிட்டது ஓர் அரணையை. அது பெண் என்பதும் முட்டையிட்டதும் பின்னர் தெரியவந்தது. வேறு அர்த்தம் எதுவும் எடுக்கவேண்டாம்." திருத்தம் வெளியிடுகிற பத்திரிகை போல எழுதி அனுப்பினேன். முட்டைகளை ஈரமண்ணோடு ஒரு பால்ரின்னுக்குள் வைத்தேன். பிறகு காத்திருந்தேன். ஊரில் ஒருவரும் என்னோடு அரணையைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. படலையடியில் சைக்கிள் மணி கேட்டால் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். தெருவால் போகிற யாராவது.

மூன்றாம் மாதம் சந்திரனின் பதில் வந்தது. ஐந்து பக்கம். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். 'இவர்' என்று என்னைத்தானே சொல்கிறீர்கள். என் படம் உங்கள் அறைக்கு வந்து இருபத்திரண்டு நாள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். நான் பகலில் படுத்துப் பொழுதுபட்டபிறகு வேலைக்குப் போகிறவன் என்று யார் சொன்னது? தண்ணீர் ஏன் தெளிக்கிறீர்கள் என்று மட்டும் விளங்கவில்லை, சாமிப் படங்களோடு வைத்திருக்கிறீர்கள்போல. சட்டை கழற்றிய கதையை என் அறையில் இருக்கிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. உடம்பு எண்ணெயாக மினுங்கும் என்றீர்கள். உண்மைதான், சமையலறை வேலை அப்படி. காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விடிய விடிய நின்று பாத்திரம் கழுவிவிட்டு வந்து படுத்தால், எனக்குக் கால் இருக்கிறதா என்று தெரியாது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. நிலத்துக்குக் கீழேதான் எங்கள் அறை. இங்கே வந்த நாலு வருடத்தில், நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருவர் இவ்வளவு கவனித்துப் பார்த்தது இதுதான் முதல்தரம்."

எத்தனை வெட்கம் இருந்தாலும் அதுவரை பட்டது வெட்கம் மட்டும்தான். இதை வாசித்தபோது நெஞ்சில் யாரோ அலவாங்கால் குத்தியது போல இருந்தது. என்னுடைய திருத்தம் வழியில் போய்க்கொண்டிருந்தது. அது நீங்கள் இல்லை, அரணை என்று சொல்லுவதற்காக.

உடனே சைக்கிளை எடுத்து வல்வெட்டித்துறைக்கு மிதித்தேன். எங்கேயாவது தங்கி நிற்கும், மறிக்கலாம் என்று ஓர் ஆசை. அது கொழும்பு தாண்டி ஒரு மாதம் என்றார் மாமி. நான் அவரின் குசினியில் இருந்து அழுதேன். ஏன் என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். மாமி அடுப்படி வெளிச்சத்தில் பிடித்து முழுவதையும் வாசித்தார். பிறகு தாள்களை ஒழுங்காக மடித்தார்.

"எனக்கெண்டால், கதிரையிலை இருந்து செய்யிற வேலையெண்டெல்லோ எழுதினவன்," என்றார்.

அடுப்பில் கறி அடிப்பிடித்து மணந்தது. இறக்கி வைக்க ஒருவரும் எழும்பவில்லை. அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு மாமி கோப்பாய்க்கு வருவார், மறு ஞாயிறு நான் அங்கே போவேன். பால்ரின்னில் ஒரு முட்டை அழுகிப்போனது. மற்றது வெடித்து, நெருப்புக்குச்சியில் பாதியளவில் ஒரு குட்டி வந்தது. மாமி அதைப் பார்க்கத் தமையனையும் கூட்டிவந்தார். தண்டையல் படலைக்கு வெளியே நின்று, சுகமாய் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தாய்க்கு வால் திரும்ப முளைத்ததும் இரண்டையும் என் முழங்கால் ஆழப் பங்கரின் ஓரத்து உக்கல் ஓலைக்குள் விட்டேன்.

சந்திரனின் அடுத்த கடிதம் மிகச் சின்னது.

"அரணை என்று அறிந்தேன். மூன்று நாள் ஒருவரோடும் பேசவில்லை. நாலாம் நாள் பாத்திரம் கழுவும்போது சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பயந்துபோனார்கள். முட்டை பொரித்ததா?"

பொரித்தது என்று எழுதினேன். அதோடு, கால் இப்போது எப்படி இருக்கிறது, வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கிறீர்களா என்றும் கேட்டேன். அதன்பிறகு எங்கள் கடிதங்களில் வானிலை குறைந்துவிட்டது. தொண்ணூற்று நாலில் நான் கனடாவுக்கு வந்தேன். விமானநிலையத்தில் மீசைக்கும் பனியுடுப்புக்கும் நடுவில் ஆளை முதல்தரம் கண்டேன். கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கும் விடியும்வரை வேலை.

மாமியும் பல வருடங்களுக்குப் பிறகு எங்களோடு வந்துவிட்டார். காது மந்தம். ஆனால் எந்தக் கதையையும் மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கலியாணப் பேச்சு எடுத்தால், படிப்பு, வேலை, சாதகம் எல்லாவற்றுக்கும் முன்னால் மாமி ஒரு கேள்வி கேட்பார். அதைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு சம்பந்தமும் முற்றாவதில்லை. சந்திரனின் தங்கையின் மகனுக்குப் பெண் பார்த்தபோது தொலைபேசியிலேயே கேட்டாராம்.

சென்ற மார்கழியில் எங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் வைத்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். சந்திரன் கரண்டியைக் கீழே வைத்தார். மாமி கையைக் காதில் குவித்து, என்னவாம் என்றார். மகள் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து சத்தமாகத் திரும்பச் சொன்னாள். மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆளுக்குக் காலிருக்கோ?"

"இருக்கு, அப்பம்மா. ரெண்டும் இருக்கு."

"அப்ப கூட்டிக்கொண்டு வா," என்றார் மாமி. "வந்து சாப்பிடட்டும்."